அளவுக் கல்லும் நாரைக் காலும்

மீமிசல் கடைவீதியிலிருந்து மேற்கே ஆவுடையார்கோவில் சாலையில் போனால் கண்மாய்கள். கிழக்கே போனால் உப்பளம், இறால் பண்ணை, அப்புறம் கடல். கார்த்திகை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே பறவைகளின் போக்குவரத்து ஓயாது. விடியலில் கடலோரச் சேற்றில் மேய்ந்த உள்ளான் கூட்டம் தண்ணீர் ஏறியதும் உப்பளப் பாத்தி வரப்பில் வந்து ஒதுங்கும். கடலில் மீன் பிடித்த கடற்காகமும் ஆலாவும் சாலையைக் கடந்து கண்மாய்க்கு வந்து, குளித்து, நல்ல தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் இந்தக் கரையின் செல்வம். அதிலும் நல்ல தண்ணீர்தான் அருமை. கடல் எப்போதும் இருக்கும். கண்மாய்த் தண்ணீர் சில மாதம்தான்.

அந்தச் சில மாதத் தண்ணீரைக் காப்பதும் அளந்து விடுவதுமாக என் உத்தியோகக் காலம் போயிற்று. பொதுப்பணித் துறையில் எங்களுக்கு லஸ்கர் என்று பெயர். இப்போது நீர்வளத் துறை என்கிறார்கள், வேலை அதேதான். 40 ஹெக்டேருக்குக் குறையாத ஆயக்கட்டு உள்ள கண்மாய் எங்கள் பொறுப்பு, அதற்குக் கீழே இருப்பவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கரையில் உடைப்பு வராமல் பார்ப்பது, வரத்து வாரியில் அடைப்பெடுப்பது, மடையைத் திறப்பது, மூடுவது, மழைக்காலத்தில் கலுங்கடியில் மணல் மூட்டையோடு ராத்திரி காவல் இருப்பது, இவ்வளவும் சேர்ந்தது லஸ்கர் வேலை. பறவை பார்ப்பது அந்த வேலைப் பட்டியலில் கிடையாது. ஆனால் இந்த வேலையில் இருப்பவனைவிடப் பறவைக்கு நெருக்கமானவன் வேறு யாரும் இருக்க முடியாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த ஊர்ப்பக்கம் தண்ணீருக்குக் கடைசி ஊர்ப்பக்கம். கல்லணையில் பிரியும் புது ஆறு, மேட்டூர் அணை வந்த 1934ஆம் ஆண்டை ஒட்டி வெட்டிய கல்லணைக் கால்வாய், 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அறந்தாங்கி, நாகுடி தாண்டி மும்பாலை ஏரியோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே இருக்கிற எங்களுக்கு வானம் பார்த்த கண்மாய்தான். தெற்கு வெள்ளாறும் பாம்பாறும் மேற்கே புதுக்கோட்டைச் சீமையின் மழையை வாங்கிக்கொண்டு பாக் விரிகுடாவுக்கு வரும். அவையும் மழை பெய்தால்தான் ஆறு. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர், அது நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலியின் கடைசிக் கண்மாய் கடலோரத்தில் இருக்கும். அதன் கலுங்கு பாய்ந்தால் ஓடை வழியாகக் கடலுக்கு. வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்யாத வருடம் இந்தக் கடைசிக் கண்மாய்க்கு ஒரு சொட்டும் வராது. பறவைகள் அதிகம் கூடுவது அந்தக் கடைசிக் கண்மாய்களில்தான். கடல் பக்கத்திலேயே இருக்கிறதல்லவா.

பழைய காலத்தில் இந்தக் கரை வெறும் கடைசி ஊர்ப்பக்கமாக இருந்ததில்லை. அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், பாசிப்பட்டினம், சுந்தரபாண்டியன் பட்டினம் என்று வரிசையாகப் பட்டினங்கள் இருப்பதே சாட்சி. தொண்டிக்கு வடக்கே தீர்த்தாண்டதானத்துக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்கள் கூடிக் கோயில் திருப்பணிக்குச் சரக்குகள் மேல் மகமை வைத்ததைச் சொல்கிறது. கப்பலில் வந்த ஆட்களுக்கும் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் கிணறு தோண்டினால் உவர் ஊறும் நிலத்தில் பட்டினங்கள் நிலைத்ததற்குப் பின்னால் ஊருணியும் கண்மாயும் இருந்திருக்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருப்புனவாசல் இங்கேதான், பாம்பாற்றுக் கரையில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறையான ஆவுடையார்கோவில் மேற்கே. மீமிசல், ஆவுடையார்கோவில் பக்கமெல்லாம் முன்பு தஞ்சாவூர் மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. பொங்கல் அன்றைக்கு மாவட்டம் மாறியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையார்கோவில் கொடுங்கைக் கல்வேலையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதே மாவட்டத்தின் பழைய கண்மாய்களில் நிற்கும் குமிழித்தூம்பை யாரும் நின்று பார்ப்பதில்லை. கரையிலிருந்து தள்ளி, கண்மாய்க்கு உள்ளேயே இரண்டு கல்தூண்கள் நிற்கும், குறுக்கே கல்சட்டங்கள். அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் பெரிய துளை, பக்கத்தில் கீழே சிறு துளைகள். மேல் துளைக்கு நீரோடி, கீழ்த் துளைகளுக்குச் சேறோடி. மேல் துளையை அடைத்திருக்கும் குழவி போன்ற கல்லைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே பாயும் வேகத்தில் சேறோடி வழியாக அடிச்சேறும் உறிஞ்சப்பட்டு வயலுக்குப் போய்விடும். கண்மாயும் தூர்ந்து போகாது, வயலுக்கும் வண்டல். அந்தத் தூணில் ஏறிக் கல்லைத் தூக்க முங்கி மூச்சடக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் வேலைக்கு மூதாதைகள் அவர்கள். தூம்பு செய்து கொடுத்தவர் பேரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தூம்பெல்லாம் போய் இரும்பு ஷட்டர் வந்திருந்தது. திருகுத் தண்டில் கிரீஸ் காய்ந்து துருவேறிக் கிடக்கும். கைச்சக்கரத்தைச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். பலகைக்கு அடியில் மண் கழிந்து தண்ணீர் பீய்ச்சினால் வைக்கோல்பிரியையும் களிமண்ணையும் சாக்கில் திணித்துக் காலால் மிதித்து அடைப்போம். மடைக்குப் பக்கத்தில் அளவுக் கல் நட்டிருக்கும். காலையில் அதைப் பார்த்து எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் வேலை. கல்லைப் பார்க்கப் போன கண் பக்கத்தில் நின்ற பறவையின் காலையும் பார்த்தது. கொஞ்ச வருடத்தில் கல்லைப் பார்க்காமலே, நிற்கிற பறவையை வைத்துத் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் அளவுக்கு அது பழகிவிட்டது.

கண்மாய் பெருகி ஆறடி, ஏழடி நிற்கும்போது நடுத்தண்ணீரில் நிற்கிற பறவைக்கு இடமில்லை. கூழைக்கடா, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி என்று நீந்துகிற, மூழ்குகிற பறவைகள்தான். கூழைக்கடாக்கள் பிறை வடிவமாக வளைத்து நீந்தி மீனை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து ஒரே நேரத்தில் பையை விரிப்பதை அப்போது பார்க்கலாம். நடவு முடிந்து மடை திறந்து தண்ணீர் மூன்றடிக்கு இறங்கும்போது உள்வாய்ப் பக்கம் ஓரடித் தண்ணீர் பரந்து கிடக்கும். அதுதான் வாத்துகளின் பருவம். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் மேலே நீட்டி அடிச்சேற்றைத் துழாவும். அதன் கழுத்துக்கு எட்டும் ஆழம் ஏறக்குறைய ஓரடி. நீலச்சிறகிக்குக் கழுத்து குட்டை. அது மேல்தண்ணீரிலேயே அலகை வைத்து உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டும் வட ஆசியாவிலிருந்து வருபவை. ஒரே கண்மாயில் சண்டையில்லாமல் இரை எடுப்பது ஆழத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான்.

முழங்காலுக்கும் கீழே தண்ணீர் வந்துவிட்டதா, அப்போது மஞ்சள்மூக்கு நாரை இறங்கும். அலகைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே நடக்கும். கண்ணால் தேடுவதில்லை, கலங்கிய தண்ணீரில் அலகில் மீன் பட்ட மாத்திரத்தில் மூடும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டு போவதும் அதே முறைதான். நத்தைக்குத்தி நாரை ஒரு நத்தையை எடுத்து, அலகு நுனியால் மூடியைப் பெயர்த்துச் சதையை இழுத்துவிட்டு ஓட்டை முழுசாகப் போட்டுவிடும். கரையோரம் அந்த ஓடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே எத்தனை நாளாக அது அங்கே இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் இன்னும் இறங்கினால் பவளக்காலி, அதற்குப் பிறகு பொரி உள்ளான். கடைசியில் ஈரச் சேறும் ஓர் அங்குலத் தண்ணீருமாக மாறும்போது கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும். கொசு உள்ளானுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் எல்லாமே ஆழம்.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான்: கண்மாய்ப் பறவைகளின் வருகையை முடிவு செய்வது வேலியோ பெயர்ப்பலகையோ அல்ல, ஷட்டரைச் சுற்றுகிற கை. தண்ணீர் படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு ஆழத்துக்கும் உரிய பறவை வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போகும். ஒரே வாரத்தில் வடித்துவிட்டால் எல்லாப் பறவைக்கும் ஒரே வாரம் விருந்து, அப்புறம் பட்டினி. வலசை வந்த பறவை மாசி, பங்குனியில் நன்றாகத் தின்று கொழுப்பு வைத்தால்தான் ஆயிரக்கணக்கான மைல் வடக்கே திரும்பிப் போக முடியும். அந்த இரண்டு மாதத்துத் தண்ணீர்தான் முக்கியம். அந்த இரண்டு மாதத்தில்தான் தண்ணீருக்குப் போட்டியும் அதிகம்.

போட்டி பெரும்பாலும் மீன்பாசி குத்தகையிலிருந்து வரும். குத்தகை எடுத்தவருக்குக் கண்மாய் சீக்கிரம் வடிந்தால் மீன் பிடிக்க வசதி. விவசாயிக்குக் கடைசித் தண்ணீர் கதிர் முற்றும்வரை வேண்டும். ராத்திரியில் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவதும், விடிந்து நாங்கள் போய் மூடுவதும் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. நீர்க்காகத்தை விரட்ட வெடி போடுவார்கள். அந்த வெடிக்கு மொத்தக் கண்மாயும் எழுந்து பறக்கும். ஒரு வயதான சம்சாரி குத்தகைக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது: “ஏம்பா, நீ விட்ட குஞ்சு நீ விட்டது. குருவி போட்ட எச்சம் எங்க வயலுக்குப் போகுது. அதுக்கும் நீயா குத்தகை கட்டியிருக்கே?” இந்தப் பேச்சில் நியாயம் மட்டுமல்ல, விவரமும் உண்டு. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் லயோனல் பிளேஸ் காலத்தில் ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1977இல் அரசு அதைச் சரணாலயமாக்கியது. ஊர்க் கட்டுப்பாடு அதற்கும் மூத்தது.

சுட்டுத் தின்பதும் இருந்தது. மடையானும் உள்ளானும் கட்டுக் கட்டாகச் சாலையோரம் விற்கக் கண்டிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தியதைவிட, வேறொன்று அதிகம் பலித்தது. ஒரு தடவை வலையில் அகப்பட்ட உள்ளான் ஒன்றின் காலில் மெல்லிய அலுமினிய வளையம் இருந்தது. எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தும். வடக்கே கோடியக்கரையில் அந்தச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள் என்று நான் சொன்னதும் வலை வைத்திருந்த பையன்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளங்கை அளவுப் பறவைக்கு எண் கொடுத்து, அது எங்கே போகிறது என்று ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. பறவையை அவர்களே பறக்கவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் கணக்கெடுப்புக்கு என்னோடு வந்தார். உப்பளப் பறவைகளை அவரைப்போல அடையாளம் சொல்ல இந்தக் கரையில் ஆள் குறைவு.

கணக்கெடுப்பு ஒரு தனி வித்தை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் வனத்துறையும் ஒரே நேரத்தில் மாநிலம் முழுவதும் எண்ணுகிறது. வெயில் முதுகில் படும்படி கரையில் நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. கூட்டம் பெரிதானால் முதலில் பத்தை எண்ணி அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதை வைத்து ஐம்பது, நூறு என்று துண்டு போட்டு எண்ணிக்கொண்டு போக வேண்டும். எழுந்து பறந்த கூட்டம் உப்பளத்தில் இறங்கினால் அங்கே நிற்பவர் மறுபடி எண்ணிவிடக் கூடாது. அதனால் கண்மாயிலும் உப்பளத்திலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்க வேண்டும். வாடைக்காற்று ஓங்கி அடிக்கிற காலையில் பறவைகள் கரை மறைவில் ஒதுங்கிவிடும். அன்றைய கணக்கை நம்பக் கூடாது. பறவைப் பெயருக்கு முனைவர் க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ எனக்குத் துணை. புத்தகத்தில் இல்லாத ஊர்ப்பெயர்களை ஓரத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் இதே மாதிரிக் கடலோர வறண்ட சீமையின் கண்மாய்களைச் சரணாலயங்களாக அறிவித்திருக்கிறார்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989இல், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 1998இல், தேர்த்தங்கல் 2010இல், சக்கரக்கோட்டை 2012இல். இவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025 பிப்ரவரியிலும் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. எல்லாமே விவசாயக் கண்மாய்கள்தான். உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. போய்ப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தோன்றியது, மழை பொய்த்த வருடத்தில் சரணாலயப் பலகையும் வெயிலில்தான் நிற்கிறது. பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. பலகையோடு வரத்து வாரியையும் அறிவிக்க வேண்டும். வாரியை மறித்து வீட்டுமனை போட்டுவிட்டால் கண்மாய்க்குப் பாதுகாப்பு கொடுத்து என்ன பயன்?

எங்கள் கரையில் கவலை வேறு திசையிலிருந்தும் வந்தது. 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11ஆம் தேதி, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணை கூடாது, விளைநிலத்தையும் உப்பளத்தையும் பண்ணையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. பண்ணை வைத்தவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, பிழைப்பு அது. ஆனால் பண்ணைக் கழிவு நீர் ஓடைக்கு வந்து, ஓடையிலிருந்து கடைசிக் கண்மாயின் கலுங்கடிக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்த்தவன் நான். முதலில் அல்லி போகும். அப்புறம் வேலம்பாசி. அல்லி இலை மேல் நடந்து திரிந்த நீளவால் இலைக்கோழி அடுத்த வருடம் வராது. தாழைக்கோழி கோரையோடு போய்விடும். கண்மாயில் தண்ணீர் இருக்கும், அளவுக் கல்லில் அடிக்கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் மாடு வாய் வைக்காது. கலுங்கடியில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். தென்னையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கண்மாய்க்குள்ளும் கரையிலும் சாய்ந்த மரங்களைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் மனமில்லை. கொக்கும் நாரையும் அடைய மரமில்லாமல் மின்கம்பிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. சாய்ந்த இடத்தில் சீமைக் கருவேல் தானாக முளைத்துவிட்டது, நாட்டுக் கருவேல் முளைக்கவில்லை. அதை நாம்தான் வைக்க வேண்டும்.

கடலுக்கு இப்போது நல்ல காலம் தொடங்கியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது; நாட்டில் இதுவே முதல். ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடற்பசு வலையில் சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கடலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் சாலைக்கு மேற்கேயும் ஒரு மைல் நடந்து வர வேண்டும். கண்மாய் கெட்டு ஓடையில் வருவதெல்லாம் கடைசியில் அந்தக் கடற்புல் மேல்தான் படியும்.

2017இல் கண்மாய்களைத் தூர் வாரிச் செப்பனிடும் குடிமராமத்து மறுபடி வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். தூர் வாரத்தான் வேண்டும். ஆனால் பொக்லைன் வைத்து ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி ஒரே ஆழமாகத் தோண்டிப்போட்டால் அது கண்மாய் அல்ல, குழி. சரிந்து ஏறும் உள்வாய் இருந்தால்தான் ஒரே நேரத்தில் மூன்றடியும் ஓரடியும் ஓர் அங்குலமும் கிடைக்கும். ஆகவே பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உள்வாய்ச் சரிவைத் தொடாதீர்கள். வாரிய மண்ணில் கொஞ்சத்தைக் கண்மாய்க்குள்ளேயே திட்டாகக் கொட்டி நாட்டுக் கருவேல் வையுங்கள். மடைமட்டத்துக்குக் கீழே நிற்கும் கடைசித் தண்ணீரைப் பம்ப்செட் வைத்து இறைக்கக் குத்தகை ஒப்பந்தத்திலேயே தடை எழுதுங்கள். சித்திரை வரை அது கிடக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஊருக்குப் போகிற நாள்தானே அது. கண்மாய்க் கரையில் கால்மணி நேரம் நின்று, தெரிந்த பறவையை எண்ணி, இ-பேர்டு செயலியில் ஏற்றினால் போதும். பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கணக்கில் ஏறாத கண்மாய்க்காக எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது. கலுங்கு பாய்கிற வருடமானால் மீமிசலுக்கும் வாருங்கள். கடைசிக் கண்மாய்களை நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.